முப்பத்தாறு இல்லாத இயந்திரம்

"ஐப்பசி. புதன், முற்பகல். கண்ணமங்கலத்தில் இருக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து அழைப்பு. குழந்தை வார்மர். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்கிறார்கள். மேலே மழை. ஆம்புலன்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது."

என் பழைய சர்வீஸ் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, பேனா மை மாறி, இரண்டே சொற்கள்: "ஹீட்டர் அல்ல." முதல் பகுதி போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதியது. இரண்டாவது, அன்று பிற்பகலில் பேருந்தில் எழுதியது. மற்றவை எல்லாம் நினைவிலிருந்து சொல்கிறேன். எது அன்றே பதிந்தது, எது பிறகு நினைவு கட்டிக்கொண்டது என்று பிரித்துச் சொல்வது என் பழக்கம். சர்வீஸ் வேலைக்கு அது பயன்படும் என்பதால் நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் மருத்துவ இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள். போர்டைக் கழற்றவும் மாட்டவும் உங்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. சிவப்பு எண்கள் எரியும் அந்தச் சின்னப் பலகை, டிஸ்ப்ளே, அதை எப்போது நம்புவது, எப்போது சந்தேகப்படுவது என்பது பற்றி.

முதலில் அதன் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் எண் என்பது ஏழு குச்சிகள். மேலே படுத்திருப்பது ஏ. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் வாருங்கள்: வலது மேல் பி, வலது கீழ் சி, அடியில் படுத்திருப்பது டி, இடது கீழ் ஈ, இடது மேல் எஃப். நடுவில் குறுக்காகக் கிடப்பது ஜி. ஏழும் எரிந்தால் எட்டு. பியும் சியும் மட்டும் எரிந்தால் ஒன்று. ஒவ்வொரு குச்சிக்குள்ளும் ஒரு எல்.இ.டி. அதற்கு இரண்டு கால்கள். ஒரு பக்கத்துக் கால்கள் ஏழையும் ஒன்றாகக் கட்டிப் பொதுவாக வெளியே எடுத்துவிடுவார்கள். மறுபக்கத்துக் கால்கள் தனித்தனியாக வரும். பொதுவாகக் கட்டியது நேர்முனை என்றால் காமன் ஆனோடு, எதிர்முனை என்றால் காமன் கேத்தோடு. கடையில் வாங்கும்போது இதை மாற்றி வாங்கிவிட்டால் ஒரு குச்சிகூட ஒழுங்காக எரியாது. அந்தத் தவறு உடனே தெரிந்துவிடுவதால் அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

கவலைப்பட வேண்டியது அடுத்த விஷயம். மூன்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மூவேழு இருபத்தொரு கம்பி இழுக்க மாட்டார்கள். மூன்று எண்களின் ஏ குச்சிகளையும் ஒரே கம்பியில் கோத்துவிடுவார்கள். பி எல்லாம் ஒரு கம்பி, சி எல்லாம் ஒரு கம்பி. முதல் எண்ணுக்கு ஒரு கணம் உயிர், பிறகு இரண்டாவதற்கு, பிறகு மூன்றாவதற்கு. முறை வைத்து, கண் பிடிக்க முடியாத வேகத்தில். நாம் மூன்றும் சேர்ந்து எரிவதாகப் பார்க்கிறோம். செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள், சில சமயம் ஓர் எண் இருக்கும், ஓர் எண் இருக்காது. படத்தை மட்டும் வைத்து "டிஸ்ப்ளே போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆக, ஓர் எல்.இ.டி. செத்தால் ஓர் எண்ணில் ஒரு குச்சி போகும். கம்பியே செத்தால் எல்லா எண்ணிலும் அதே குச்சி போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மலைக்கு வாருங்கள்.

அந்தப் புதன்கிழமை கண்ணமங்கலத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சுழற்றும் இயந்திரத்தின் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்தின் செவிலியர். பெயர் தேன்மொழி. அவரும் கண்ணமங்கலம் பக்கத்துப் பெண்தான். அந்த நிலையத்தில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன் ஒரே ஒரு முறை அவரிடம் பேசியிருந்தேன்.

"சார், வார்மர்ல ஹீட்டர் போயிடுச்சு. குழந்தை எறங்கிக்கினே இருக்குது. மேனுவல்ல ஃபுல்லா வெச்சிடட்டுமா?"

வார்மர் என்பது பிறந்த குழந்தையைத் திறந்த மேடையில் கிடத்தி, மேலிருந்து சூடு கொடுக்கும் இயந்திரம். குழந்தையின் வயிற்றில் ஒரு சின்னப் ப்ரோபை ஒட்டிவிடுவார்கள். அது உடம்புச் சூட்டை அளந்து உள்ளே சொல்லும். பேபி மோடில் வைத்தால், குழந்தைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுத்ததைப் பார்த்து இயந்திரமே ஹீட்டரைக் கூட்டும், குறைக்கும். மேனுவலில் வைத்தால் அது குழந்தையைப் பார்க்காது. நாம் ஃபுல் என்றால் ஃபுல். குழந்தை வெந்தாலும் ஃபுல்.

ஹீட்டர் வரவில்லை என்று போன் வந்தால் நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் முதல் பதில் என்ன? "மேனுவல்ல போட்டுப் பாருங்க, கம்பி சிவக்குதா?" அதுதான். அது தப்பான பதிலும் இல்லை, மேடை காலியாக இருந்தால். நானும் அதையே சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது போனுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"இன்னா சிஸ்டர் இது. கால் சூடாத்தான் கீது. மெஷினுக்கு மட்டும் குளுருதா?"

யார் அது என்று கேட்டேன். குழந்தையின் அப்பா கோவிந்தன் என்றார் தேன்மொழி. பக்கத்து ஊர்க்காரர், சாமை பயிரிடுகிறவர். சிக்னல் ஜன்னலோரம்தான் கிடைக்கும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, இவர் மேடையருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தஞ்சு புள்ளி ஒம்பது சார். செட்டிங் முப்பத்தேழுல இருக்குது. ஹீட்டர் ஒரே ஒரு கோடுதான் எரியுது. முப்பத்தஞ்சு இருக்கிற கொழந்தைக்கு ஒரு கோடு பத்துமா? கொஞ்ச நேரம் முன்னாடி முப்பத்தேழு காட்டிச்சு. அப்படியே முப்பத்தஞ்சுக்கு விழுந்துடுச்சு. டாக்டர் கீழ மீட்டிங்ல இருக்காரு. போன்ல சொன்னேன், ஆம்புலன்ஸ் வெச்சு திருப்பத்தூர் அனுப்பிடுன்னாரு. வண்டி செங்கத்துல இருந்து ஏறிக்கினு இருக்குது. அது வர்ற வரைக்கும் சூடு குடுக்கணும்ல?"

"கைத் தெர்மாமீட்டர்?"

"கிராம செவிலியர் அக்கா தடுப்பூசி முகாமுக்கு எடுத்துனு போயிட்டாங்க சார். இருக்கிறதே ஒண்ணு."

எது பணயமாக இருந்தது என்று பாருங்கள். எடை குறைவாகப் பிறந்த பெண் குழந்தை. அது உண்மையிலேயே குளிர்ந்துகொண்டிருந்தால், நான் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கேடு. குளிரவில்லை என்றால், மேனுவலில் ஃபுல் வைப்பது அதைச் சுடுவது. அந்த மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறக்குவது, இல்லாத குளிரை உண்டாக்குவது. இரண்டில் ஒன்று. நான் கண்ணமங்கலத்தில், கையில் கார்பன் பிரஷ்ஷோடு.

"சிஸ்டர், உங்க கை என்ன சொல்லுது?"

மழைச் சத்தம் கேட்டது.

"வயிறும் உள்ளங்காலும் கதகதப்பாதான் சார் இருக்கு. கலரும் நல்லா இருக்கு. அதான் புரியல. கையை நம்புறதா, மெஷினை நம்புறதா?"

செவிலியர்களுக்குத் தொட்டுப் பார்ப்பதும் பாடம்தான். அவர் சரியாகவே செய்திருந்தார். ஆனால் சிவப்பாக எரியும் ஓர் எண்ணுக்கு முன்னால் எந்த விரலும் தயங்கும். புள்ளி வைத்து ஒன்பது என்று வேறு காட்டுகிறது. விரல் புள்ளி வைத்துப் பேசாது.

"அலாரம் அடிக்குதா?"

"இல்ல சார். அதுவும் போயிடுச்சு போல."

இங்கேதான் நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். குறித்த அளவுக்கு ஒரு டிகிரி கீழே போனால் அந்த மாடல் கத்தும். முப்பத்தேழு குறித்து முப்பத்தைந்து புள்ளி ஒன்பது என்றால் ஊரைக் கூட்ட வேண்டும். ஹீட்டர் எவ்வளவு சூடு தருகிறது என்று காட்டும் பட்டையில் எல்லாக் கோடுகளும் எரிய வேண்டும். ஹீட்டரும் போய், அலாரமும் போனதா? ஒரே காலையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பாகங்கள்?

உங்களுக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இரண்டு பாகங்கள் சேர்ந்து கெட்டதாகத் தோன்றினால், அவற்றைப் பற்றி உங்களுக்குச் சேதி சொன்னது எது என்று பாருங்கள். ஹீட்டர் அமைதியாக இருக்கிறது, அலாரம் அமைதியாக இருக்கிறது. இரண்டும் "குழந்தை நன்றாக இருக்கிறது" என்கின்றன. தேன்மொழியின் விரல்களும் அதையே சொல்கின்றன. மாற்றிப் பேசுவது டிஸ்ப்ளே ஒன்றுதான். இயந்திரம் உள்ளே ஒன்றைத் தெரிந்துகொண்டு அதன்படி நடக்கிறது. வெளியே வேறொன்றைக் காட்டுகிறது.

ஆனால் இது வெறும் ஊகம். எண் தெளிவாக இருக்கிறதே. முப்பத்தைந்து புள்ளி ஒன்பது. உடைந்த எண்ணாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

"சிஸ்டர், செட்டிங்கை ஏன் முப்பத்தேழுல வெச்சீங்க? முப்பத்தாறரைதானே வைப்பாங்க?"

"அது இந்த மெஷினுக்கு முப்பத்தாறு கெடையாது சார்."

"கிடையாதுன்னா?"

"வராது. முப்பத்தேழுல இருந்து கொறச்சா நேரா முப்பத்தஞ்சுதான். எனக்கு முன்னாடி இருந்த அக்கா சார்ஜ் குடுக்கும்போதே சொல்லிட்டுப் போனாங்க. முப்பத்தேழுல வெச்சிடு, முப்பத்தாறைத் தேடாதேன்னு."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நம் வீட்டு ஜன்னல் ஒன்றைப் பற்றிப் புதிதாக வந்தவரிடம், கொஞ்சம் தூக்கிச் சாத்தணும் என்று சொல்வோமே, அந்த மாதிரி.

ஆய்வுக்கூட மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகள் இருந்தன. ஏழு எடுத்தேன். எட்டு என்ற எண்ணாக அடுக்கினேன்.

"சிஸ்டர், குழந்தை மேல ஒரு கண்ணு இருக்கட்டும். செட் பட்டனை அழுத்தி ஒவ்வொரு படியா கொறைங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க."

"நான் படிக்கிறேன் சார், எனக்கு இங்கருந்தே தெரியுது," என்றார் கோவிந்தன். "சிஸ்டர், நீங்க அழுத்துங்க. முப்பத்தேழு புள்ளி... இது பூஜ்யம். கொஞ்சம் ஒடஞ்ச பூஜ்யம்."

"ஒடஞ்சதுன்னா? எந்தப் பக்கம்?"

"கீழ. இடது கைப் பக்கம். ஒரு குச்சி இல்ல."

"அது எப்பவும் அப்படித்தான் சார்," என்றார் தேன்மொழி.

"அடுத்தது?"

"முப்பத்தஞ்சு புள்ளி ஒம்பது. ... அதே ஒம்பது. சிஸ்டர், நீங்க அழுத்தல."

"அழுத்தினேம்ப்பா."

"அப்ப மெஷின் தூங்குது. இன்னொரு தாட்டி அழுத்துங்க. ஆங், ஏழு. அப்புறம்... அஞ்சு. அப்புறம்... அஞ்சு. மறுபடி தூங்கிட்டுது."

மேசையில் எட்டிலிருந்து இடது கீழ்க் குச்சியை, ஈ குச்சியை, உருவினேன். ஒன்பது. திரும்ப வைத்து, வலது மேல் குச்சியை எடுத்து ஆறாக்கினேன். அதே குச்சியை உருவினேன். ஐந்து. இரண்டு முறை செய்து பார்த்தேன். உடைசல் எதுவும் இல்லாத, சுத்தமான ஒன்பது. சுத்தமான ஐந்து.

ஈ கம்பி மூன்று எண்ணுக்கும் பொது. அது போனால் ஆறெல்லாம் ஐந்து, எட்டெல்லாம் ஒன்பது. ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகியவற்றுக்கு அந்தக் குச்சியே தேவையில்லை. அவை அப்படியே இருக்கும். பூஜ்யமும் இரண்டும் மட்டும் உடைந்து தெரியும். ஆக, முப்பத்தாறு புள்ளி எட்டு என்பது முப்பத்தைந்து புள்ளி ஒன்பது ஆகிவிடும். முப்பத்தாறு புள்ளி ஒன்பதும் அதுவே ஆகும். ஒன்பது இரண்டு முறை வந்தது அதனால்தான். மூன்றும் ஏழும் தொல்லை இல்லாதவை என்பதால் முப்பத்தேழு முழுசாக வரும். நலமான குழந்தை நாள் முழுக்க இருக்க வேண்டிய அந்த முப்பத்தாறு மட்டும் ஒருபோதும் வராது. முப்பத்தேழிலிருந்து "விழுந்தது" என்று அவர் பார்த்தது ஒரு டிகிரி விழுந்ததல்ல. கொஞ்சமே கொஞ்சம் அசைந்தது.

குழந்தை முப்பத்தாறரைக்கு மேலே, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. மரக்குச்சிகளை வைத்து நான் கண்டுபிடித்தது டிஸ்ப்ளே இப்படிக் கெட்டிருக்கலாம் என்பதை. இன்னும் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. அதற்கு இயந்திரத்தை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். கரண்ட் வந்ததும் இத்தகைய எல்லா இயந்திரங்களும் சில நொடி எல்லாக் குச்சிகளையும் எரித்துக் காட்டும். எட்டு, எட்டு, எட்டு. அது அலங்காரம் இல்லை. எல்லாக் குச்சிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று நாம் பார்ப்பதற்காகவே வைத்தது.

"சிஸ்டர், மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடணும். குழந்தை மேடையில இருக்கும்போது அதை நான் சொல்ல மாட்டேன். நீங்க தூக்கலாம்னு நினைச்சா மட்டும்."

குளிர்கிறது என்று இயந்திரம் காட்டும் ஒரு குழந்தையைச் சூட்டிலிருந்து எடுப்பது என்பது தேன்மொழிக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். தப்பானால் கேள்வி அவரிடம்தான் வரும். போனில் யாரோ சொன்னார்கள் என்று எந்த விசாரணையிலும் சொல்ல முடியாது.

"மல்லிகா," என்று குழந்தையின் அம்மாவைக் கூப்பிடும் அவர் குரல் கேட்டது. "ஜாக்கெட்டைத் தளர்த்திக்க. குழந்தையை உன் நெஞ்சு மேல போடப்போறேன். மேல கம்பளி. கையை எடுக்கக் கூடாது."

சிறிது நேரம் துணி உரசும் சத்தம். குழந்தை ஒரு முறை அழுதது. நல்ல அழுகை.

"சூடாத்தான் கீது சிஸ்டர்," என்றது ஒரு களைத்த பெண் குரல். "என்னையே உதைக்குது."

"உங்க அம்மா மாதிரி," என்றார் கோவிந்தன்.

"போனைப் புடிச்சினு ஒழுங்கா நில்லு," என்றது அதே பெண் குரல்.

சுவிட்ச் அணைந்தது. திரும்பப் போட்டார்கள்.

"இன்னா வருதுன்னு சொல்லுங்க," என்றேன். என்னையறியாமல் அவர்கள் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.

"ஒம்பது சார்," என்றார் கோவிந்தன். "எல்லாம் ஒம்பது. ஒம்பது, ஒம்பது, ஒம்பது. போயிடுச்சு."

"தினமும் அதான் சார் வரும்," என்றார் தேன்மொழி. "கம்பெனி நம்பர்னு நெனச்சேன்."

நான் சொன்னதைக் கூடிய மட்டும் அன்று சொன்ன வார்த்தைகளிலேயே தருகிறேன், ஏனென்றால் இதை நீங்களும் ஒரு நாள் சொல்ல வேண்டி வரும். "சிஸ்டர், அது எட்டு எட்டு எட்டுன்னு வரணும். உங்க டிஸ்ப்ளேல ஆறு அஞ்சாத் தெரியும், எட்டு ஒம்பதாத் தெரியும். முப்பத்தஞ்சுன்னு நீங்க பார்த்தது முப்பத்தாறா இருக்கலாம், நெசமாவே முப்பத்தஞ்சாவும் இருக்கலாம். அந்த டிஸ்ப்ளேவை வெச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. ஹீட்டரும் அலாரமும் அமைதியா இருந்ததால முப்பத்தாறுன்னு நான் நம்புறேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். குழந்தையைப் பத்தி முடிவு உங்களுது, டாக்டருது. மேனுவலைத் தொடாதீங்கன்னு மட்டும் என்னால உறுதியா சொல்ல முடியும்."

"டாக்டர்கிட்ட பேசிட்டு வர்றேன் சார்," என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. குழந்தை நலம் என்று சொல்லிவிடாமல் விட்டது கோழைத்தனமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நமக்குத் தெரிந்ததற்கும் நாம் நம்புவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அவசரத்தில் எதிரே இருப்பவர் அதை அழித்துவிடச் சொல்லி மன்றாடுவார். அழித்தால் அந்த நேரத்துக்கு அவருக்கு ஆறுதல். ஆனால் முடிவெடுக்க அவருக்குத் தேவையானது அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்ற தகவல்தான்.

பேருந்தில் ஏறிய பிறகு போன் வந்தது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதில் வந்த பணியாளரிடம் தெர்மாமீட்டர் இருந்தது. அம்மாவின் நெஞ்சில் படுத்தபடியே குழந்தையின் அக்குளில் வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தாறு புள்ளி ஏழு. டாக்டர் போனிலேயே கேட்டுக்கொண்டு, இறக்க வேண்டாம், அம்மாவின் நெஞ்சிலேயே இருக்கட்டும், தெர்மாமீட்டரை மட்டும் அங்கே விட்டுவிட்டு வாருங்கள் என்றாராம்.

"டிரைவர் அண்ணன் திட்றாரு சார்," என்றார் தேன்மொழி. குரலில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் அழுகையும். "இவ்ளோ மழையில மேல வந்தது தெர்மாமீட்டர் டெலிவரி பண்ணவான்னு கேக்குறாரு."

அப்போதுதான் அந்த இரண்டு சொற்களை எழுதினேன்.

மறுநாள் மேலே போய் மூடியைத் திறந்தேன். பழுது சின்னது. மெயின் போர்டிலிருந்து டிஸ்ப்ளேவுக்குப் போகும் பட்டை வயரின் சொருகியில் ஒரே ஒரு முள்ளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அது ஈ. சுத்தம் செய்து, சொருகி, சுவிட்சைப் போட்டேன். எட்டு, எட்டு, எட்டு. ஜன்னலோரம் நின்றிருந்த கோவிந்தன் எட்டிப் பார்த்தார்.

"இப்ப முப்பத்தாறு வருமா சார்?"

"வரும்."

"இத்தினி நாளா எங்க போயிருந்துச்சாம்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு முள்ளில் அவ்வளவு களிம்பு ஒரு மழைக்கு ஏறாது. ஒன்பதுகள் "தினமும்" வந்தவை. பூஜ்யம் "எப்பவும்" உடைந்திருந்தது. முப்பத்தாறு கிடையாது என்பது ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கமாகவே ஆகியிருந்தது. அந்த வழக்கம் முட்டாள்தனமும் அல்ல, இதைக் கவனியுங்கள். முப்பத்தேழில் வைத்துவிட்டுப் போனால் உள்ளே இயந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. பழுதோடு வாழ ஒரு வழி கண்டுபிடித்தார்கள்; வழி நன்றாக இருந்ததால் யாரும் நமக்குப் புகார் தரவில்லை. சர்வீஸுக்குப் போகும் இடத்தில் "என்ன பழுது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த மெஷினை எப்படி ஓட்டுறீங்க, புதுசா வர்றவங்ககிட்ட என்ன சொல்லிக்கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். பாதிப் பழுதுகள் அந்தப் பதிலில் இருக்கும். எங்கே போனாலும், மூடியைத் தொடுவதற்கு முன் ஒரு முறை அணைத்துப் போட்டு எட்டுகளைப் பாருங்கள், குழந்தை மேடையில் இல்லாதபோது.

எங்கள் அலுவலகத் தாளில் "பழுது தொடங்கிய நாள்" என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அழைப்பு வந்த நாளையே அதில் எழுதிவிடுவார்கள். நான் காலியாக விட்டேன். ஏன் என்று கேட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன்.

தெரிந்துகொள்ள முயன்றேன். தேன்மொழிக்கு முன்னால் இருந்த செவிலியர் செங்கம் பக்கம் மாற்றலாகியிருந்தார். போனில் பிடித்தேன். "நான் சேர்ந்தப்பவே அப்படித்தான் சார் சொன்னாங்க," என்றார். அவருக்குச் சொன்னவர் வேலையை விட்டு வெளியூர் போய்விட்டார், எண் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் முப்பத்தைந்து என்று காட்டியதைப் பார்த்து, தங்கள் விரல்களை நம்பாமல், யாராவது மேனுவலில் ஃபுல் வைத்தார்களா என்று அவரிடம் கேட்டேன். "என் காலத்துல இல்ல சார்," என்றார். அதற்கு முந்தைய காலத்துக்கு அவர் பதில் சொல்ல முடியாது. எனக்கும் முடியவில்லை.

அந்த ஈ குச்சி எந்த நாளில் அணைந்தது என்பதை இன்றுவரை நான் உறுதி செய்யவில்லை. கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.